சமையலறையை முழுதாக மாற்றுகிறோம்: எது முதலில், எது பிறகு?

குழு நண்பர்களுக்கு வணக்கம். 10க்கு 8 அடி சமையலறையைத் தரை முதல் மாற்றப் போகிறோம். இதுவரை நான்கு வரைபடங்களைக் கிழித்துப் போட்டாயிற்று.

பாத்திரம் கழுவும் தொட்டியை ஜன்னலுக்குக் கீழே கொண்டுவர எனக்கு ஆசை. கழிவுக்குழாயோ எதிர்ச் சுவரில் இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்குச் சரிவு கொடுக்கத் தரையை உயர்த்த வேண்டும் என்கிறார் பிளம்பர். பழைய இடத்திலேயே விட்டால் தொட்டி, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி மூன்றும் ஒரே சுவரில் நெருக்கியடித்து நிற்கின்றன. காய் நறுக்க ஒரு முழம் இடம் இல்லை. 2 அடி அகல மேடையை ‘ப’ வடிவில் அமைத்தால் நடுவே 4 அடி மிஞ்சும். குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் அதுவும் போயிற்று!

இடிப்பு, குழாய், மின்கம்பி, பூச்சு வரை வரிசை புரிகிறது. தரை ஓடு பதிப்பது அலமாரிக்கு முன்பா, பின்பா? கீழ் அலமாரிகளைப் பொருத்திய பிறகே மேடைக் கல்லுக்கு அளவெடுப்பார்களாம். கல் வரும்வரை தொட்டியும் இல்லை, தண்ணீரும் இல்லை. அந்த இடைவெளியைக் கூடத்தில் ஒரு மின் அடுப்போடு எத்தனை வாரம் ஓட்டினீர்கள்? தொட்டியை இடம் மாற்றியவர்கள் இருந்தால், அடைப்பு வருகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.