ஒரு பனிச்சரிவு ஊரையே அடைத்துவிடுமா? ‘ஸ்னோபிளைண்ட்’ படித்தவர்கள் சொல்லுங்கள்

இரவுவாசகி:
ராக்னர் யோனாசனின் ‘ஸ்னோபிளைண்ட்’ என்ற துப்பறியும் நாவலைப் பாதி முடித்துவிட்டேன். ஐஸ்லாந்தின் வடகோடியில் சிக்லுஃபியோர்துர் என்ற மீன்பிடி ஊர். அங்கே முதல் வேலைக்கு வந்த இளம் போலீஸ்காரன் ஆரி தோர். இறையியல் படிப்பைப் பாதியில் விட்டவன் என்பதால் ஊரில் அவனுக்குப் பாதிரியார் என்றே பெயர். நாடக அரங்கின் மாடிப்படியில் விழுந்து ஒரு வயதான எழுத்தாளர் இறந்துபோகிறார். பனியில் ரத்தத்தோடு ஒரு பெண் கிடக்கிறாள். அப்புறம் பனிச்சரிவு வந்து சாலை அடைபட, யாரும் வெளியே போக முடியவில்லை. இங்கேதான் எனக்கு இடறுகிறது. கதைக்காக ஆசிரியர் செய்த வசதியா, நிஜமாகவே அந்த ஊர் அப்படியா? முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வடதிசை:
நிஜம்தாங்க. ஒரு கோடையில் அங்கே போயிருக்கிறேன். சுற்றிலும் செங்குத்தான மலை, ஒரு பக்கம் கடல். மேற்கே போக 1967-இல் திறந்த ஸ்ட்ராக்கர் சுரங்கப்பாதை ஒன்றுதான். நீளம் சுமார் 800 மீட்டர், அகலம் ஒரு வண்டிக்குத்தான். எதிரே விளக்கு தெரிந்ததும் ஓரத்தில் குடைந்து விட்டிருந்த இடத்தில் ஒதுங்கி, இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தோம். பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். பாறையின் ஈர வாசனை குப்பென்று உள்ளே வந்தது. வெயில் காலத்திலேயே எனக்கு மூச்சு முட்டியது.

கிழக்கே போகும் மலைக்கணவாய் குளிர்காலத்தில் மூடிவிடும். நாவல் நடப்பது 2008-09 குளிரில், அந்த நாட்டு வங்கிகள் சரிந்த சமயம். கிழக்குப் பக்கம் பக்கத்து ஊரான ஓலாஃப்ஸ்ஃபியோர்துருக்குப் புதுச் சுரங்கங்கள் திறந்தது 2010 அக்டோபரில். நாவல் ஐஸ்லாந்திய மொழியில் வந்ததும் அதே வருஷம். ஆசிரியரின் குடும்பத்துக்கு அந்த ஊர் சொந்த ஊர், தாத்தா பாட்டி இருந்த இடம். அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

மீன்முள்:
இருட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி 28 வரை மலை மறைப்பதால் ஊருக்குள் வெயிலே விழாது. திரும்ப வரும் நாளில் அப்பம் சுட்டு, காபி போட்டுக் கொண்டாடுவார்கள். ஆரி தோர் நடு இரவில் திணறி எழும் பக்கங்களை இது தெரிந்த பிறகு திரும்பப் படித்தேன். முதலில் ‘என்ன இவன் இப்படிப் பயப்படுகிறான்’ என்று எரிச்சல் பட்டதற்கு வருத்தமாக இருந்தது.

ஒரே குறை, தொடக்கம் மெதுவாகப் போகிறது. ஆனால் நாடகக் குழுவில் ஒவ்வொருவரும் எதையோ மறைப்பதை ஆசிரியர் அடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல்களை 17 வயதிலேயே ஐஸ்லாந்திய மொழிக்குப் பெயர்க்கத் தொடங்கியவர், மொத்தம் 14 பெயர்த்திருக்கிறார். அந்தப் பயிற்சி ஒவ்வொரு விசாரணையிலும் தெரிகிறது.

இரவுவாசகி:
ரொம்ப நன்றி. சாலை அடைபடும் அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்குகிறேன். அந்த ஊரில் யாரும் வீட்டுக் கதவைப் பூட்டுவதில்லை என்று முன்னால் ஓரிடத்தில் வருகிறது. அப்போது அழகாகத் தெரிந்த வரி அது. நேற்று இரவு அது நினைவுக்கு வந்து, எழுந்து போய் எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.