டெக்சாஸ் யுனிவர்சிட்டிகளில் கோர்ஸ் நம்பரை எப்படிப் படிப்பது?

கேள்வி: யூடி டாலஸில் (யுனிவர்சிட்டி ஆஃப் டெக்சாஸ், டாலஸ்) கம்ப்யூட்டர் சயின்ஸ் (சிஎஸ்) மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்கிறேன். சிஎஸ் 5343, சிஎஸ் 6363, சிஎஸ் 6வி81 என்று வரிசையாக இருக்கிறது. எதை எடுப்பது என்றே புரியவில்லை. யாராவது சொல்லுங்கள் அண்ணா.

பதில்: தம்பி, முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள், அதிலேயே பாதி தெரிந்துவிடும். முதல் இலக்கம் நிலை. 1, 2 என்றால் இளங்கலையின் தொடக்க வருஷங்கள், 3, 4 என்றால் பிந்தைய வருஷங்கள், 5ம் அதற்கு மேலும் என்றால் மாஸ்டர்ஸும் பிஎச்டியும். இரண்டாவது இலக்கம் கிரெடிட், அதாவது டிகிரிக்குச் சேரும் பாட அளவு: 6363இல் 6க்கு அடுத்த 3, அது மூன்று கிரெடிட் கோர்ஸ் என்பதைச் சொல்கிறது. 6வி81இல் அந்த இடத்தில் வி இருந்தால் கிரெடிட் மாறக்கூடியது என்று அர்த்தம். ரிஜிஸ்டர் செய்யும்போது எத்தனை கிரெடிட் விழுகிறது என்பதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

5343 (அல்காரிதம், டேட்டா ஸ்ட்ரக்சர்) அடிப்படைப் பாடம். அதை முடித்த பிறகுதான் 6363. அட்மிஷன் லெட்டரில் இந்த 5000 வரிசைப் பாடங்கள் போட்டிருந்தால் முதல் செமஸ்டரிலேயே முடித்துவிடப் பாருங்கள். தள்ளிப்போட்டால் முக்கியமான 6000 வரிசைப் பாடங்கள் எல்லாம் அதன் பின்னால் நின்றுவிடும். அந்த 5000 வரிசை அடிப்படைப் பாடங்கள் டிகிரிக்கான 33 கிரெடிட்டில் சேராது. இது தெரியாமல் பட்ஜெட் போட்டால் கடைசி செமஸ்டரில் பணம் இடிக்கும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் மாஸ்டர்ஸ் படிப்பவர் ஃபால், ஸ்பிரிங் இரண்டிலும் பொதுவாக 9 கிரெடிட் வைத்திருக்க வேண்டும். முழு ஆன்லைன் வகுப்பு எத்தனை எடுத்தாலும் ஒரு செமஸ்டருக்கு ஒரு வகுப்பு, அதாவது 3 கிரெடிட் வரைதான் அந்தக் கணக்கில் ஏறும். ஒரு கோர்ஸை விட்டு 9க்குக் கீழே போவதாக இருந்தால் முதலில் இன்டர்நேஷனல் ஆபீஸ் அனுமதி வாங்குங்கள். விட்ட பிறகு போய்க் கேட்டால் விசா ஸ்டேட்டஸ் போய்விடும்.

யுனிவர்சிட்டியின் பாடப் பட்டியலான கேட்டலாகில் கோர்ஸ் விவரத்தின் கடைசியில் (3-0) ஒய் போல இருக்கும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் லெக்சர், லேப் இல்லை. ஒய் என்றால் வருஷத்துக்கு ஒரு முறையாவது நடக்கும், எஸ் என்றால் ஒவ்வொரு செமஸ்டரும். டி (T) என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான், அதை நம்பிப் பிளான் போடாதீர்கள்.

கேள்வி: மகள் டாலஸ் காலேஜ் என்ற கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி, பிறகு யூடி ஆஸ்டினுக்கு மாற நினைக்கிறாள். அங்கேயும் இதே நம்பர்தானா?

பதில்: இல்லை சார், யூடி ஆஸ்டின் கணக்கே வேறு. மூன்று இலக்கம், அதில் முதலாவதுதான் கிரெடிட். நிலையைச் சொல்வது கடைசி இரண்டு: 01 முதல் 19 வரை தொடக்க வருஷங்கள், 20 முதல் 79 வரை மேல் வருஷங்கள், 80 முதல் கிராஜுவேட், அதாவது மாஸ்டர்ஸ், பிஎச்டி நிலை. சிஹெச் (கெமிஸ்ட்ரி) 301 மூன்றாம் வருஷப் பாடம் போலத் தெரிந்தாலும் அது முதல் வருஷ கெமிஸ்ட்ரிதான்.

டாலஸ் காலேஜ் மாநிலம் முழுதுக்குமான பொது நம்பரைப் பின்பற்றுகிறது. அங்கே கெமிஸ்ட்ரி 1311 லெக்சர், 1111 அதன் ஒரு கிரெடிட் லேப், இரண்டும் சேர்ந்தே வந்தால் 1411. பலர் 1311ஐ மட்டும் எடுத்துவிட்டு லேபை மறந்துவிடுகிறார்கள். 0வில் தொடங்குவது அடித்தளப் பயிற்சி, டிகிரிக்குச் சேராது. எந்த நம்பர் ஆஸ்டினில் எந்த நம்பராக ஏறும் என்பதை ரிஜிஸ்டர் செய்வதற்கு முன்பே ஆஸ்டினின் டிரான்ஸ்ஃபர் பட்டியலில் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிடச் சொல்லுங்கள்.