நிலவு மண் கட்டுரையை நாலு பேர் எப்படிப் பேசுவது?

நிலாப்பிரியை: பதினொன்றாம் வகுப்பு. சந்திரயான்-3 நிலவு மண்ணில் வெப்பம் அளந்த கட்டுரையை நாங்கள் நாலு பேர் வகுப்பில் பேச வேண்டும், ஆளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்தால் சரிவருமா, யாராவது சொல்லுங்களேன்.

கரும்பலகை: பக்கம் பிரித்தால் ஒட்டாதும்மா. கேள்வியாகப் பிரியுங்கள்: ஏன் அளந்தார்கள், எப்படி, என்ன கிடைத்தது, அதனால் என்ன. மண்ணுக்குள் இறங்கி வெப்பம் அளந்த சாஸ்டே கருவியில் 10 வெப்ப உணரிகள் உண்டு, 10 செ.மீ. ஆழம் வரை இறங்கும். ஆழம் கூடக்கூட வெப்பம் எப்படி மாறுகிறது என்று காட்டி இஸ்ரோ வெளியிட்ட அந்த ஒரு வரைபடத்தைப் பெரிதாகப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

வால்நட்சத்திரம்: மேலே 50 டிகிரிக்கு மேல், 8 செ.மீ. கீழே மைனஸ் 10. ஏன் என்று டீச்சர் கட்டாயம் கேட்பார். மேல்மண் வெறும் தூள், இடையில் காற்றும் இல்லை, அதனால் வெப்பம் கீழே இறங்குவது ரொம்பக் குறைவு. இது நாலு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நிலாப்பிரியை: அப்போ வரைபடம் எனக்கு. நன்றிக்கா!