மறு: 'ஃபீஃப்' – மானியமா, படைப்பற்றா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

படைச்சேவைக்கு ஈடாக நிலம் தரும் இடைக்கால ஐரோப்பிய முறைதான் ஃபியூடலிசம்; அப்படித் தந்த நிலம் 'ஃபீஃப்'. அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற நம் பேச்சில் வந்த கேள்வி இது:

> ஃபியூடலிசத்துக்கு 'நிலமானிய முறை' என்பது பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அப்படியானால் 'ஃபீஃப்' என்பதை மானியம் என்றே சொல்லலாமே?

ஐயா, நார்மன் ஆட்சிக்கால இங்கிலாந்தைப் பொறுத்தவரை இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஊழிய மானியம் என்று ஒன்று உண்டுதான். ஆனாலும் மானியம் என்றதும் நம் காதில் விழுவது வரித்தள்ளுபடியும் கொடையும். 1066இல் இங்கிலாந்தை வென்ற நார்மன் அரசர் வில்லியம் நிலத்தைக் கொடையாகத் தரவில்லை, குதிரைவீரர்களுக்கு ஈடாகத் தந்தார்.

பீட்டர்பரோ மடத்தைப் பாருங்கள். பக்தர்கள் இறைவனுக்கென்று எழுதிவைத்த நிலங்கள் அதற்கு ஏராளம். 1070இல் டுரோல்டு என்ற நார்மன் துறவி, ஆயுதம் தாங்கிய 160 பேரோடு அங்கே மடாதிபதியாக வந்து சேர்ந்தார். அரசருக்கு அந்த மடம் 60 குதிரைவீரர்களை அனுப்ப வேண்டும் என்று ஆனது. மடத்து நிலத்தில் ஒரு பகுதி வீரர்களுக்குப் பிரிந்து போனது. அறக்கொடையாக இருந்தவரை அதை மானியம் என்று சொன்னால் பொருந்தும். அதிலிருந்து வீரனுக்குப் பிரித்துக் கொடுத்த ஃபீஃபுக்கும் அதே பெயரா? நடந்த மாற்றமே மறைந்துவிடுமே.

'காணி' என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். காணியாட்சி விற்கவும் ஒற்றி வைக்கவும் கூடிய உரிமை. ஃபீஃப் அப்படியல்ல. வாரிசு இல்லாமல் இறந்தாலோ, துரோகம் செய்தாலோ நிலம் மேலே இருப்பவரிடம் திரும்பிவிடும். வில்லியமின் ஆணைப்படி 1086இல் தொகுத்த நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே ஏட்டைத் திறந்தால், ஊருக்கு ஊர் திரும்பத் திரும்ப வரும் லத்தீன் வினை 'டெனெட்', அதாவது, பற்றியிருக்கிறான். இப்போது யார் பற்றியிருக்கிறார், நார்மன் வெற்றிக்கு முன் ஆண்ட எட்வர்டு மன்னர் காலத்தில் யார் பற்றியிருந்தார், எத்தனை ஏர், எத்தனை ஆலை, அன்று என்ன மதிப்பு, இன்று என்ன மதிப்பு என்று வரிசையாகப் போகும். அடிப்படைக் கருத்து இதுதான்: நிலமெல்லாம் கடைசியில் அரசருடையது, மற்றவர்கள் பற்றாளர்கள்.

ஆகவே என் பரிந்துரை படைப்பற்று. நம் கல்வெட்டுகளில் படைக்கென விட்ட நிலத்துக்கு வழங்கிய சொல்தான். 'பற்று' அந்த லத்தீன் வினையோடும் இயல்பாகப் பொருந்துகிறது. அரசரிடமிருந்தே நிலம் பெற்ற 'டெனன்ட் இன் சீஃப்' நேர்ப்பற்றாளர். அவருக்குக் கீழே நிலம் பெற்றவர் உட்பற்றாளர். இந்த வேறுபாடு கட்டாயம் வேண்டும். 1086 ஆகஸ்டில் சால்ஸ்பரியில் வில்லியம் உட்பற்றாளர்களில் முக்கியமானவர்களையும் அழைத்துத் தமக்கே நேரடியாக விசுவாச உறுதி வாங்கிக்கொண்டதன் கனம், இரண்டு சொற்களும் தனித்தனியாக இருந்தால்தான் மாணவருக்குப் புரியும்.

'பாளையம்' செயலளவில் நெருக்கமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு வீரனுக்கான சிறு நிலமும் ஃபீஃப்தான். அதைப் பாளையம் என்றால் பெரிதாகிவிடும்.

இனி மீதமிருப்பது 'ரிலீஃப்'. தந்தைக்குப் பின் மகன் நிலத்தை ஏற்கும்போது கட்டும் தொகை. மன்னர்கள் இதை வாய்க்கு வந்தபடி கேட்டதால்தான் 1100இல் முதலாம் ஹென்றி நியாயமான தொகையே வாங்குவதாக முடிசூட்டுச் சாசனத்தில் வாக்களிக்க வேண்டியிருந்தது. 1215இன் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம், ஏர்ல் என்ற உயர்நிலைப் பிரபுவின் வாரிசுக்கு 100 பவுண்டு என்றே வரம்பு கட்டியது. 'பற்றேற்புக் கட்டணம்' என்று வைத்திருக்கிறேன்; 'கட்டணம்' கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கிறது. 'பற்றேற்புக் காணிக்கை' என்றால் விரும்பிக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது. இறை, தண்டம், பணம் என்று எதையாவது பின்னொட்டாகச் சேர்த்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.