பிரிட்ஜுக்குக் கூடுதல் வாரண்டி போடலாமா?

செங்கோட்டையில் இருக்கிறோம். நாளை மறுநாள் தென்காசியில் பிரிட்ஜ் எடுக்கிறோம். இன்னும் 3,200 ரூபாய் கட்டினால் மூன்று வருஷம் கவலையில்லை என்கிறார் கடைக்காரர். கம்ப்ரஸருக்குக் கம்பெனியே 10 வருஷம் தருகிறது, ஆனால் அந்தப் பாகத்துக்கு மட்டும்தான், கேஸும் கூலியும் நம் தலையில். போன தடவை வாஷிங் மெஷினுக்கு இப்படித்தான் கட்டினோம். போர்டு போய், வந்தவர் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பல்லி கருகி ஒட்டிக் கிடந்தது, பல்லி பூச்சியெல்லாம் இதில் சேராது என்று 4,500 வாங்கிக்கொண்டு போனார்! சாரல் காலத்தில் இங்கே கரண்ட் ஏறி இறங்கும், அதுவும் சேராதாம். யாருக்காவது இது உண்மையிலேயே உதவியிருக்கிறதா? பேசாமல் நல்ல ஸ்டெபிலைசர் வாங்கிவிடவா? அப்புறம், கேரளாவில் புனலூரில் எடுத்தால் சர்வீஸுக்கு எல்லையில் உள்ள புளியரை தாண்டி வருவார்களா?