மறு: 'வெட் வொர்க்': நீர்ப்பணியா, ஈரக்கை வேலையா?

வணக்கம்.

> 'வெட் வொர்க்' என்பதற்கு 'நீர்ப்பணி' போதுமே?

கை நெடுநேரம் ஈரத்திலேயே இருக்கும் வேலையைத்தான் ஆங்கிலத்தில் 'வெட் வொர்க்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம், 'நீர்ப்பணி' போதாது என்றுதான் படுகிறது. 'நீர்ப்பணி' என்றதும் குழாய் பதிப்பதும் கால்வாய் வெட்டுவதும்தான் நினைவுக்கு வருகின்றன. 'நனைவேலை'யும் சொல்லிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை.

நாம் பெயர் வைக்க வேண்டியது தண்ணீருக்கு அல்ல, கையின் நிலைக்கு. செவிலியர், முடி திருத்துபவர், பாத்திரம் கழுவுபவர் ஆகியோருக்கு வரும் கைத்தோல் அழற்சியில் பெரும்பகுதி ஒவ்வாமையே இல்லை. தோலின் மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. செங்கலுக்கு நடுவே சாந்து மாதிரி, செல்களுக்கு நடுவே கொழுப்பு. ஈரத்தில் அந்த அடுக்கு ஊறி உப்பும். சோப்பு கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போகும். அப்புறம் கழுவும்போதெல்லாம் சோப்பு இன்னும் ஆழமாக இறங்கும், கை காந்தும். மோதிரத்துக்கு அடியிலும் விரலிடுக்கிலும்தான் பெரும்பாலும் முதலில் சிவக்கும். சோப்பு தங்குகிற இடம் அதுதானே.

வேடிக்கை என்னவென்றால், கையுறை போட்டாலும் இந்த ஈரம் விடாது. ரப்பர் கையுறையை ரொம்ப நேரம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்காது. ஆனாலும் விரல் நுனி வெளுத்துச் சுருங்கியிருக்கும். சொந்த வியர்வையில் ஊறிய கை! வேலையிடத்தில் தோலுக்கு வரும் ஆபத்துகளைப் பற்றிய ஜெர்மனியின் டிஆர்ஜிஎஸ் 401 விதி, 2008 பதிப்பில், ஒரு ஷிப்டில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருப்பதையும், அதே அளவு நேரம் நீர்புகாக் கையுறைக்குள் இருப்பதையும் ஒரே கணக்கில்தான் சேர்த்தது. 'நீர்ப்பணி' என்று எழுதினால் கையுறை போட்டவர் 'இது எனக்கில்லை' என்று தாண்டிப் போய்விடுவார்.

ஆகவே 'ஈரக்கை வேலை'. 'ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே' என்று திட்டு வாங்காதவர் யார்? சொல் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது.

> 'ஈரப்பணி' என்றால் இன்னும் சுருக்கம்.

சுருக்கம்தான். ஆனால் வாய்விட்டுச் சொன்னால் பாதிப் பேர் காதில் 'ஈரப்பனி' என்று விழும். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லப்போகிறவர்கள் பாவம்.

> 'பேரியர் கிரீம்' = 'கவசக் களிம்பு'?

இதை மட்டும் தயவுசெய்து வேண்டாம். கவசம் என்று எழுதிக் கொடுத்தால் களிம்பைப் பூசிவிட்டுக் கையுறையைக் கழற்றி வைத்துவிடுவார்கள். களிம்பு கையுறைக்கு ஈடாகாது. வேலை தொடங்குமுன் பூசும் இந்தப் பேரியர் கிரீம் 'முன்பூச்சு', கை கழுவித் துடைத்தபின் பூசும் ஈரப்பதக் களிம்பு 'பின்பூச்சு' என்று வைக்கலாமா? எப்போது பூச வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடும். இரண்டில் பின்பூச்சைத்தான் பெரிய எழுத்தில் போடச் சொல்வேன். தோல் தேறுவதற்கு அது உதவும், பலர் விட்டுவிடுவதும் அதைத்தான்.

சிமென்ட் குழைப்பவரை இந்தத் தலைப்பில் சேர்க்க எனக்கு மனமில்லை. ஈரச் சிமென்ட்டின் பிஎச் 12-க்கு மேல், அதாவது கடுமையான காரம், அது தோலைப் புண்ணாக்கியே விடும். போதாக்குறைக்கு அதிலுள்ள குரோமியம் சிலருக்கு உண்மையான ஒவ்வாமையையும் கொடுக்கும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், பழைய கொத்தனார் சொற்கள் தெரிந்தவர்கள் அங்கே வாருங்கள்.