புதுப்பிப்பு: தாத்தா வீட்டு ஓடும் ஈரச்சுவரும்

தை மாதம் இங்கே இரண்டு விஷயம் எழுதியிருந்தேன்: ஓட்டில் 1865 என்று இருப்பதால் தாத்தா வீட்டுக்கு 150 வயதுக்கு மேல் என்றும், திண்ணைச் சுவரில் ஈரம் ஏறுகிறது என்றும்.

முதல் விஷயத்தில் மண்ணைக் கவ்வினேன். 1865 என்பது மங்களூரில் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து கிறிஸ்தவ அமைப்பு ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். பின்னால் சுட்ட ஓடுகளிலும் அதையே பொறித்திருக்கிறார்கள். பரணில் கிடைத்த பத்திரப்படி மனை வாங்கியதே 1931இல்தான்.

ஈரத்துக்குக் காரணம் நாங்களேதான். அப்பா காலத்தில் பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமெண்ட் பூசிவிட்டோம். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லை. கொத்தனார் உளியால் தட்டியதும் சிமெண்ட் அப்பளமாகப் பெயர்ந்தது. பின்னாலிருந்த செங்கல் விரலால் தேய்த்தாலே மாவாக உதிர்ந்தது.

சரி, இப்போது நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசுகிறோம். வீடெல்லாம் புளித்த வாடை. அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் காபி தருகிறார். முதல் பூச்சு முடிந்தது. “அவசரப்பட்டா வெடிச்சிடும் தம்பி” என்று கொத்தனார் அடுத்ததற்குக் கை வைக்க மறுக்கிறார்.

அப்புறம், உடைந்த ஓடுகளுக்கு மாற்று, பக்கத்து ஊரில் இடித்த வீட்டிலிருந்து 40 கிடைத்தது. அவற்றிலும் 1865தான்!